யார் சார்பில் யார் பேசுவது? ‘ஆன் பிஹாஃப் ஆஃப்’ தொடரும் நம் தோட்ட வரலாறும்



படிவம் 5 மாணவர் ஒருவர் எழுதிய அலுவல் கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். குடியிருப்புப் பகுதியில் குப்பை அள்ளவில்லை. குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் என்ற முறையில் மாநகர் மன்றத்துக்குப் புகார்க் கடிதம் எழுத வேண்டும். இதுதான் பயிற்சி. அந்த மாணவர் எழுதிய முதல் வரி இது: “குப்பைப் பிரச்சினை சார்பாக இக்கடிதத்தை எழுதுகிறேன்.”

வாசித்துக் காட்டியதும் வகுப்பே சிரித்தது. அவருக்கு ஏன் என்று புரியவில்லை. “சார்பாகன்னா ஆன் பிஹாஃப் ஆஃப்தானே டீச்சர்? இங்கிலீஷ் லெட்டர்ல அப்படித்தானே ஆரம்பிக்கிறோம்?” என்று கேட்டார். சிரித்தவர்களிடம், “சரி, அப்படீன்னா அந்தத் தொடருக்கு என்ன பொருள்? நீங்க சொல்லுங்க” என்றேன். யாரும் வாய் திறக்கவில்லை.

அவர் எழுத நினைத்தது ‘தொடர்பாக’. எழுதியது ‘சார்பாக’. ஒரு சொல் மாறியதால், குப்பையின் பிரதிநிதியாகவே அவர் கடிதம் எழுதியதுபோல் ஆகிவிட்டது. இது அவர் ஒருவர் மட்டும் செய்யும் பிழையும் இல்லை. அழைப்பிதழ்களிலும் நன்றியுரைகளிலும் கூட்டக் குறிப்புகளிலும் இதைப் பார்க்கிறோம். எனவே, இந்தத் தொடர் எங்கிருந்து வந்தது, அதன் பொருள் என்ன, அதைத் தவறாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். கடைசிக் கேள்விக்கு விடை இலக்கண நூலில் மட்டும் இல்லை. நம் தோட்ட வரலாற்றிலும் இருக்கிறது.

மூன்று மொழி, ஒரே படம்

‘பிஹாஃப்’ என்ற சொல்லுக்குள் ‘ஹாஃப்’ என்ற சொல் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இன்று ‘ஹாஃப்’ என்றால் பாதி. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் ‘பக்கம்’ என்ற பொருளும் இருந்தது. ‘அவர் பக்கத்தில்’ என்று பொருள்படும் இரண்டு பழைய தொடர்கள் இடைக்கால ஆங்கிலத்தில் ஒன்றாகக் கலந்தன. அந்தக் கலப்பில் பிறந்ததுதான் இன்றைய ‘ஆன் பிஹாஃப் ஆஃப்’. ஆக, அதன் அடிப்பொருள் ஒருவரின் பக்கத்தில் நிற்பது.

இப்போது தமிழுக்கு வாருங்கள். ‘சார்’ என்றாலும் பக்கம்தான். ‘ஒருசாரார்’, ‘இருசாரார்’ என்று எழுதுகிறோமே, அந்தச் ‘சார்’ இதுவே. ‘சார்தல்’ என்றால் ஒன்றை ஒட்டி நிற்றல், ஒன்றின்மேல் சாய்தல். அதிலிருந்து வந்தது ‘சார்பு’.

மலாய்மொழியில்? அரசாங்கக் கடிதங்களில் கையொப்பத்தின் அருகே இரண்டு எழுத்துச் சுருக்கம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். பள்ளி முதல்வர் இல்லாதபோது வேறொருவர் கையொப்பமிட்டால் அது இருக்கும். ‘பாகி பிஹாக்’ என்பதன் சுருக்கம் அது. ‘பிஹாக்’ என்றால் தரப்பு, பக்கம்.

பார்த்தீர்களா? ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று மொழிகள். மூன்றிலும் ஒரே படம். ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் நின்று பேசுகிறார். இந்தப் படத்தை மாணவர் மனத்தில் பதிய வைத்துவிட்டால் பாதிப் பிழைகள் தாமாகவே போய்விடும். குப்பையின் பக்கத்தில் நின்று யாராவது பேசுவார்களா?

தமிழாசிரியர்களுக்கு இன்னோர் உவமை கைவசம் இருக்கிறது: சார்பெழுத்து. முதலெழுத்து இல்லாமல் சார்பெழுத்து இல்லை. அப்படியே, ஒருவர் சார்பில் பேசுகிறவரின் பேச்சும் அந்த ஒருவரைச் சார்ந்தே நிற்கிறது. அவர் இல்லையென்றால் இவர் பேச்சுக்கு நிலையில்லை.

இரண்டு பொருள்

ஆங்கிலத் தொடருக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, ஒருவரின் பிரதிநிதியாக. இன்னொன்று, ஒருவரின் நன்மைக்காக. “மாணவர்கள் சார்பில் தலைவர் நன்றி கூறினார்” என்பது முதல் வகை. மாணவர்கள் அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவர் வாய் வழியே பேசுவது மாணவர்கள். “அநாதைப் பிள்ளைகளுக்காக நிதி திரட்டினார்” என்பது இரண்டாம் வகை. பிள்ளைகள் அவரை அனுப்பவில்லை. அவராகவே அவர்கள் நலம் கருதிச் செய்கிறார்.

அமெரிக்க ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட முயன்றார்கள். பிரதிநிதி என்றால் ‘ஆன் பிஹாஃப்’, நன்மைக்காக என்றால் ‘இன் பிஹாஃப்’ என்று சில நடைக் கையேடுகள் பிரித்தன. பயன்பாட்டில் அது உறுதியாக நிலைக்கவில்லை. நாம் பள்ளியில் கற்பது பிரிட்டிஷ் மரபு என்பதால் ‘ஆன்’ என்பதையே எழுதுகிறோம்.

தமிழில் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. நன்மைக்காக என்ற பொருளுக்கு நான்காம் வேற்றுமை இருக்கிறது. ‘கு’ உருபுக்கு நன்னூல் கூறும் பொருள்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை. இவற்றுள் ‘பொருட்டு’ என்பதே நாம் தேடுவது. ‘ஆக’, ‘பொருட்டு’, ‘நிமித்தம்’ ஆகியவை இதற்கான சொல்லுருபுகள். பிரதிநிதியாக என்ற பொருளுக்கோ ‘சார்பில்’, ‘சார்பாக’ இருக்கின்றன.

பேச்சுத் தமிழிலும் இந்த வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது. “நீ ஏன் அவனுக்கு வக்காலத்து வாங்குறே?” என்று வீட்டில் கேட்பார்கள் இல்லையா? வக்காலத்து என்பது கட்சிக்காரர் வழக்குரைஞருக்குக் கொடுக்கும் அதிகாரம். ‘வக்கீல்’ என்ற சொல்லும், மலாயில் பிரதிநிதியைக் குறிக்கும் ‘வாக்கில்’ என்ற சொல்லும் ஒரே அரபுச் சொல்லிலிருந்து வந்தவை. அந்தக் கேள்வியின் உட்பொருள் என்ன? “அவன் உன்னைப் பேசச் சொன்னானா? சொல்லாதபோது நீ யார் பேச?” என்பதுதான். இந்தக் கேள்வியை மறக்காதீர்கள். இனி வரும் வரலாற்றுக்கு இதுவே திறவுகோல்.

தோட்டத்தில் யார் பேசினார்?

இன்று பங்சார் என்றதும் அடுக்குமாடி வீடுகளும் காப்பிக் கடைகளும் எல்.ஆர்.டி. நிலையமும் நினைவுக்கு வரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ரப்பர்த் தோட்டம். பங்சார் என்ற பெயரே புங்கே, கிரிசார் என்ற இரு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் இணைந்து உருவானது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. மண்ணில் உழைத்தவர் பெயர் ஊருக்கு வரவில்லை. பால்மரம் வெட்டிய கைகளில் பெரும்பாலானவை தமிழர் கைகள். சிலாங்கூர் எங்கும் அன்று இதே நிலைதான்.

அந்தத் தோட்டங்களில் தொழிலாளி ஒருவருக்குக் குறை இருந்தால் யார் போய்ச் சொல்வார்? துரையிடம் தொழிலாளி நேராகப் போய் நிற்பது எளிதல்ல. மொழி வேறு, அச்சம் வேறு. இடையில் கங்காணியும் கிராணியும் இருந்தார்கள். கங்காணி பெரும்பாலும் தன் சொந்த ஊரிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் ஆள் சேர்த்து அழைத்து வந்தவர். தொழிலாளி பேச வேண்டியதை அவர்தான் துரையிடம் பேசினார்.

ஆனால் கங்காணியின் வருமானத்தைப் பாருங்கள். தன் கீழ் உள்ளவர்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு வந்தார்கள் என்ற கணக்கில் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. கொடுத்தது தோட்ட நிர்வாகம். அப்படியானால் அவர் யார் பக்கத்தில் நின்றார்? தொழிலாளிகளுக்கு உதவிய கங்காணிகளும் இருந்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆயினும் அவர் தொழிலாளி கொடுத்த அதிகாரத்தில் பேசியவர் அல்லர். தேர்வில் எழுதும்போது, “கங்காணி தொழிலாளர் சார்பில் பேசினார்” என்று எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அடுத்தது இந்திய அரசாங்கம். 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பின், மலாயாவில் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் இருந்தார். தோட்டங்களைச் சென்று பார்ப்பதும் நிலைமையை அறிவிப்பதும் அவர் வேலை. 1936ஆம் ஆண்டு இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்தார். இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1937இல் அறிக்கை கொடுத்தார். இங்கே ‘சார்பில்’ என்ற சொல்லைச் சரியாகப் பொருத்துங்கள். அவர் இந்திய அரசாங்கத்தின் சார்பில் வந்தார், தொழிலாளர்களுக்காக ஆராய்ந்தார். ஒரே பயணத்தில் இரண்டு வேற்றுமைகள்! அவரை அனுப்பியவர் வேறு, அவர் யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் வேறு.

மூன்றாவது, நகரத்துப் படித்தவர்கள். 1936இல் மலாயா மத்திய இந்தியச் சங்கம் தோன்றியது. வழக்குரைஞர்கள், வணிகர்கள் போன்ற நடுத்தர வகுப்பினர் அதை நடத்தினர். அவர்களும் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்தார்கள். ஊதியக் குறைப்பை எதிர்த்தார்கள். நல்ல காரியம். ஆனால் அதுவும் பெரும்பாலும் ‘க்காக’தான். லயத்தில் இருந்தவர் வாக்களித்து அனுப்பிய சபை அல்ல அது.

கூட்டிப் பாருங்கள். கங்காணி பேசினார், ஏஜெண்டு பேசினார், சாஸ்திரி எழுதினார், நகரத்துத் தலைவர்கள் மனுக் கொடுத்தார்கள். தொழிலாளிக்காகப் பேசியவர் பலர். தொழிலாளியின் சார்பில் பேசியவர்?

கிள்ளான், 1941

பங்சாரிலிருந்து கிள்ளானுக்கு, நெரிசல் இல்லாவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்த வட்டாரத் தோட்டங்களில்தான் 1941இல் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது.

ஆர். எச். நாதன், ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றிய பத்திரிகையாளர். 1924இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட நாளிதழ் அது. நாதனும் ஒய். கே. மேனன் போன்றவர்களும் கிள்ளான் மாவட்ட இந்தியச் சங்கத்தின் வழியாகத் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். தோட்டம் தோட்டமாகப் போராட்டம் எழுந்தது.

அவர்கள் கேட்டவை என்ன? பாடநூலில் ‘ஊதிய உயர்வுப் போராட்டம்’ என்று ஒரே வரியில் படித்துவிட்டுப் போகக் கூடாது. சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டார்கள். மருத்துவ வசதி கேட்டார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்தச் சொன்னார்கள். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக அனுமதி கேட்டார்கள். துரைமாரையும் அலுவலகப் பணியாளரையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள்.

கடைசியாக இரண்டு கோரிக்கைகள். குறைகளை எடுத்துச் சொல்கிறவரைப் பழிவாங்கக் கூடாது. தங்கள் நலனைப் பிரதிநிதித்து, குறைகளை முன்வைக்க, தாங்களே சங்கம் அமைத்துக்கொள்ள அனுமதி வேண்டும்.

இந்த இரண்டையும் மீண்டும் ஒருமுறை படியுங்கள், மாணவர்களே. நாம் இலக்கணப் பயிற்சியில் தேடிய பொருள் இதில் இருக்கிறது. “எங்களுக்காகப் பேசியது போதும். எங்கள் சார்பில் பேசுபவரை நாங்களே தேர்ந்தெடுக்கிறோம்” என்பதே அதன் சாரம். வக்காலத்தைத் தங்கள் கையாலேயே கொடுக்க அவர்கள் உரிமை கேட்டார்கள்.

அப்படியென்றால் நாதன் மட்டும் யார்? அவரும் பால்மரம் வெட்டியவர் இல்லையே, பத்திரிகைக்காரர்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை, அடுத்து நடந்ததில் இருக்கிறது. 1941 மே மாதத் தொடக்கத்தில் அரசாங்கம் நாதனைக் கைது செய்தது. போராட்டம் அடங்கவில்லை, பரவியது. அவரை விடுதலை செய்ய வேண்டும் என்பது தொழிலாளரின் கோரிக்கை ஆயிற்று. ஒருவர் தம் பிரதிநிதி என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? பிரதிநிதி அதே தொழிலைச் செய்பவராக இருக்க வேண்டியதில்லை. யாருக்காகப் பேசுகிறாரோ, அவர்கள் ‘இவர் எங்கள் ஆள்’ என்று ஏற்றிருக்க வேண்டும்.

முடிவு கசப்பானது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், பலர் கைதானார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். தோட்டத்துக் கோரிக்கைகள் போரில் மூழ்கின.

போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் மீண்டும் எழுந்தன. அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, அவசரகாலச் சட்டத்தின்கீழ் 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று, பி. பி. நாராயணன் அதை நெடுங்காலம் வழிநடத்தினார். முதலாளிமார் தரப்போடு கூட்டு ஒப்பந்தம் போடும்போது சங்கம் உறுப்பினர் ‘சார்பில்’ கையொப்பமிடுகிறது. ஒப்பந்தத்தில் அது ஒரு சிறு சொல். கிள்ளானில் அதற்குக் கொடுத்த விலையோ பெரிது.

இனி எழுதும்போது

வரலாறு போதும், தேர்வுக்கு வருவோம். கீழே உள்ளவற்றை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டு விளக்கலாம்.

1. சார்பாக, தொடர்பாக. ஆளோ அமைப்போ என்றால் ‘சார்பாக’. விஷயம் என்றால் ‘தொடர்பாக’, ‘குறித்து’, ‘பற்றி’. சரியான வாக்கியம்: “குடியிருப்பாளர் சங்கத்தின் சார்பில், குப்பைப் பிரச்சினை தொடர்பாக இக்கடிதத்தை எழுதுகிறேன்.”

2. வேற்றுமை மாறினால் பொருள் மாறும். “அவர் சார்பாகப் பேசினேன்” என்றால் அவருடைய பிரதிநிதியாகப் பேசினேன். “அவருக்குச் சார்பாகப் பேசினேன்” என்றால் அவருக்கு ஆதரவாக, ஒருபக்கமாகப் பேசினேன். நடுவர் “ஓர் அணிக்குச் சார்பாக” நடந்தார் என்றால் அது குற்றச்சாட்டு. ஒரு ‘கு’ செய்யும் வேலையைப் பாருங்கள்!

3. சார்பாக, பதிலாக. “தலைவருக்குப் பதிலாகச் செயலாளர் வந்தார்” என்றால் தலைவர் வரவில்லை, இவர் வந்தார், அவ்வளவுதான். “தலைவர் சார்பில் செயலாளர் வந்தார்” என்றால் தலைவர் கொடுத்த பொறுப்போடு வந்தார். இரண்டும் ஒன்றல்ல.

4. சார்பில், தரப்பில். ஆங்கிலத்திலும் பலர் சறுக்கும் இடம் இது. ஒருவர் தாமே செய்த பிழையைச் சொல்லும்போது ‘ஆன் தி பார்ட் ஆஃப்’ என்றுதான் எழுத வேண்டும். ‘ஆன் பிஹாஃப் ஆஃப்’ வராது. தமிழிலும் அப்படியே. “நிர்வாகத்தின் தரப்பில் தவறு நடந்தது” சரி. “நிர்வாகத்தின் சார்பில் தவறு நடந்தது” என்றால், நிர்வாகம் ஆள் அனுப்பித் தவறு செய்ததாக ஆகிவிடும்.

5. தனக்குத் தானே பிரதிநிதி இல்லை. “என் சார்பாக நான் நன்றி கூறுகிறேன்” என்று மேடையில் கேட்கிறோம். தாம் மட்டும் பேசினால் “நன்றி கூறுகிறேன்” என்பதே போதும். குழுவுக்கும் சேர்த்துப் பேசினால், “குழுவின் சார்பிலும் தனிப்பட்ட முறையிலும் நன்றி கூறுகிறேன்” எனலாம். வராதவர் சொல்வது வேறு: “என் சார்பில் தம்பி பரிசைப் பெற்றுக்கொள்வான்.” இது முற்றிலும் சரி.

6. ஒற்று. ‘சார்பாக’ என்பதன் பின் வல்லினம் மிகும்: சார்பாகக் கலந்துகொண்டார், சார்பாகப் பேசினார். ‘சார்பில்’ என்பதன் பின் மிகாது: சார்பில் கலந்துகொண்டார், சார்பில் பேசினார். அலுவல் கடிதத்தில் எளிதில் புள்ளி போகும் இடம் இது.

சின்னப் பயிற்சி

கோடிட்ட இடத்தில் சார்பில், தொடர்பாக, பதிலாக, தரப்பில் ஆகியவற்றுள் பொருத்தமானதை எழுதுக.

அ. பேருந்துக் கட்டண உயர்வு ____ விளக்கக் கூட்டம் நடைபெறும்.
ஆ. வகுப்பு மாணவர் அனைவரின் ____ தலைவி மலர்மாலை அணிவித்தார்.
இ. காப்பிக்குப் ____ தேநீர் வாங்கி வந்தான்.
ஈ. ஓட்டுநர் ____ எந்தக் கவனக்குறைவும் இல்லை.

விடை: அ. தொடர்பாக, ஆ. சார்பில், இ. பதிலாக, ஈ. தரப்பில்.

ஆசிரியர்களுக்கு ஒரு கலந்துரையாடல் கேள்வியும் தருகிறேன்: “1941க்கு முன் தோட்டத் தொழிலாளருக்காகப் பேசியவர்கள் யார்? தொழிலாளர் சார்பில் பேசியவர்கள் யார்?” இரண்டு பத்தியில் விடை எழுதச் சொல்லுங்கள். மொழிப்பாடமும் வரலாறும் ஒரே பயிற்சியில் முடியும்.

அந்தக் குப்பைக் கடிதம் எழுதிய மாணவர் அடுத்த முறை சரியாகத்தான் எழுதினார். ஆனால் கையொப்பத்துக்கு முன் நிறுத்திவிட்டு, “டீச்சர், சங்கத்தின் சார்பில்னு எழுதுறேன், ஆனா சங்கத்துல யாரும் என்னை எழுதச் சொல்லலையே?” என்று கேட்டார். கூட்டத்தில் தீர்மானம் போட்டதாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். சேர்த்தார். உங்கள் மாணவர்களும் ‘சார்பில்’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும் இதே கேள்வியைக் கேட்கட்டும்.